அதே குடும்பங்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி இதுதான்: "எட்டுப் பேர் சேர்ந்து எங்கள் பகுதியில் ஒரு சின்ன சேவை அமைப்பு நடத்துகிறோம். மாதம் ஒருமுறை பொருட்கள் கொடுக்கிறோம், பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டும் பையும். மூன்று வருடம் ஆகியும் அதே 40 குடும்பங்கள்தான் வருகின்றன, யாருடைய நிலைமையும் மாறியதாகத் தெரியவில்லை. அவர்களைச் சோம்பேறி ஆக்குகிறோமோ என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வருகிறது. நிறுத்திவிடலாமா? இல்லை, சம்பளத்துக்கு ஒரு ஆள் போட்டு ஒழுங்காகச் செய்யலாமா?"

நிறுத்தாதீர்கள். சோம்பேறி ஆக்குகிறோமா என்ற கவலையையும் விட்டுவிடுங்கள், மாதத்துக்கு ஒரு பையை நம்பி யாரும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட முடியாது. ஆனால் அதே 40 குடும்பங்கள் வருவதை நீங்கள் தோல்வியாகப் பார்ப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூன்று வருடம், மாதாமாதம், அதே முகங்கள். பெரிய நிறுவனங்கள் எவ்வளவு செலவு செய்தாலும் இந்தப் பழக்கம் அவர்களுக்குக் கிடைக்காது. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, அதை இன்னும் நீங்கள் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயர், வீட்டு எண், குடும்பத்தில் எத்தனை பேர், கையெழுத்து, இவ்வளவும் இருக்கும். இவர் ஏன் வருகிறார் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. எங்கள் பதிவேட்டிலும் முதல் நான்கு வருடம் இல்லை. நான் இந்த வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது, தொடக்கத்தில் நாங்களும் நீங்கள் செய்வதையேதான் செய்தோம், வரிசை, பை, கையெழுத்து, அடுத்தவர். ஒரு அம்மா இரண்டு வருடம் தவறாமல் வந்தார். ஒருநாள் கூட்டம் குறைவாக இருந்ததால் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் தெரிந்தது, கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியும் அவருக்கு விதவை ஓய்வூதியம் வரவில்லை. விண்ணப்பம் ஒருமுறை போட்டிருக்கிறார், ஒரு அட்டையில் பெயர் ஒருமாதிரியும் இன்னொன்றில் வேறுமாதிரியும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அவங்க இல்லைன்னு சொல்லிட்டாங்க தம்பி" என்றார். இல்லை என்று யாரும் சொல்லவில்லை, திருத்திக்கொண்டு வா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எங்கே போய் எப்படித் திருத்துவது என்று யாரும் சொல்லாததால் அவருக்கு அது இல்லை என்றே கேட்டிருக்கிறது. எங்களில் ஒருவர் நான்கு முறை கூடப் போனார், மூன்று மாதத்தில் முடிந்தது. இரண்டு வருடமாக நாங்கள் கொடுத்த 24 பைகளையும் கூட்டினால் அவருக்கு வர வேண்டியிருந்த பணத்தில் ஒரு மூலைக்குக்கூட வராது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

உரிமையாக வர வேண்டியது ஏன் ஒருவருக்கு வந்து சேர்வதில்லை என்று பார்த்தால், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருப்பது ஒரு காரணம். தெரிந்தாலும் அந்தச் சான்றிதழ், இந்த நகல், வேலை நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் சன்னல் என்று அலைவதற்கு நாள் கூலி போகும். இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவதைத்தான் நாம் கவனிப்பதில்லை, அது அவமானம். ஒருமுறை எல்லோர் முன்னாலும் யாரோ எரிந்து விழுந்திருப்பார்கள், அதற்கப்புறம் அந்தப் படி ஏற மனசு வராது. முதலாவதற்கு ஒரு துண்டறிக்கை போதும், இரண்டாவதற்கு ஓரளவு பணம் உதவும். மூன்றாவதற்குக் கூடப் போய் நிற்கும் ஒரு ஆள்தான் மருந்து. அவர் எதுவும் பேச வேண்டியதில்லை, பக்கத்தில் நின்றாலே சன்னலுக்கு அந்தப் பக்கம் பேசும் தொனி மாறிவிடும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்தது, மறுநாளே நாடு முழுவதும் 200 இடங்களில் குடிமக்கள் ஆலோசனை மையங்கள் திறக்கப்பட்டன. பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்தியவை. அங்கே வந்தவர்களின் கேள்விகள் என்ன தெரியுமா? ரேஷன் புத்தகம் தொலைந்துவிட்டது, வீடு குண்டில் போய்விட்டது, மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை, சம்பாதிப்பவர் போருக்குப் போய்விட்டதால் கடன் கட்ட முடியவில்லை. குண்டு விழுந்த பகுதிகளுக்குக் குதிரை ஏற்றும் வண்டி ஒன்றை அலுவலகமாக மாற்றிக்கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். போர் நடக்கும்போதே மையங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அங்கே கிடைத்ததில் பெரும்பகுதி தகவலும், கடிதம் எழுதிக் கொடுப்பதும், உனக்கு வர வேண்டியது இது என்று சொல்லி வழிகாட்டுவதும்தான். போர் முடிந்து இத்தனை காலம் ஆகியும் அந்த அமைப்பு இன்னும் நடக்கிறது, ஏனென்றால் அந்தத் தேவை போரோடு தீர்ந்துபோகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த இரண்டு மாதம் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். நீங்கள் எட்டுப் பேர், அவர்கள் 40 குடும்பங்கள், ஆளுக்கு ஐந்து குடும்பம் பொறுப்பு, போகும்போது மட்டும் இன்னொருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய், முன்னமே கேட்டு அவர்களுக்கு வசதியான நேரத்தில் போய், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். படிவத்தை நீட்டாதீர்கள், படிவத்தைக் கண்டால் மனிதர்கள் அந்தப் படிவத்துக்கு ஏற்ற பதிலைத்தான் சொல்வார்கள். வருமானம் எவ்வளவு என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். போன மாதத்தில் எந்த வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், வீட்டுக் கதை தானாக வரும். யாருக்காவது உடம்பு சரியில்லையா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, ஏதாவது விண்ணப்பம் போட்டு நின்றுபோயிருக்கிறதா, யாரிடமாவது வட்டிக்கு வாங்கியிருக்கிறார்களா, இதெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். வெளியே வந்தபிறகு எழுதிக்கொள்ளுங்கள். முடியாததைச் செய்கிறேன் என்று மட்டும் அந்த வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், இரக்கத்தில் வாய் தவறி வந்துவிடும், அப்புறம் அந்த வீட்டை எதிர்கொள்ள முடியாமல் நீங்களே ஒதுங்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

இப்படிப் போய்க் கேட்டால் நீங்கள் நினைத்தது ஒன்றாகவும் அங்கே இருப்பது வேறாகவும் இருக்கும். 1889-ல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தைத் தொடங்கியபோது புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் இலக்கிய வாசிப்பும் ஓவியக் கண்காட்சியும் நடத்தலாம் என்று போனார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்கு வேண்டியிருந்தது வேலைக்குப் போகும்போது குழந்தையை விட ஒரு இடம். அதனால் மழலையர் பள்ளியும் குழந்தைகள் காப்பகமும் வந்தன. அதோடு நிற்காமல் 1895-ல் அந்தப் பகுதியின் ஒவ்வொரு வீட்டிலும் என்ன கூலி வருகிறது, எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று தெருவாரியாக வரைபடமாகவே போட்டு வெளியிட்டார்கள். அதே வருடம் குப்பை சரியாக அள்ளப்படாததால் ஆடம்ஸ் அந்த வேலைக்குத் தானே ஒப்பந்தம் கேட்டார், அது நிராகரிக்கப்பட்டது, கடைசியில் மேயர் அவரையே அந்த வார்டின் குப்பை ஆய்வாளராகப் போட்டுவிட்டார். விடியற்காலையில் குப்பை வண்டியின் பின்னாலேயே போய்ச் சரிபார்த்திருக்கிறார். 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். ஆனால் என் மனதில் நிற்பது அந்தக் குப்பை வண்டிதான். ஒரு வீட்டில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அது அந்த வீட்டின் கஷ்டம், ஒரே தெருவில் பத்து வீட்டில் என்றால் அது தெருவின் கஷ்டம். அந்தப் பத்தையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். 40 குடும்பங்களில் 12 குடும்பங்கள் ஒரே சான்றிதழுக்காக மாட்டிக்கொண்டிருந்தால் 12 முறை தனித்தனியாக அலையாதீர்கள், அந்தப் 12 பேரையும் சேர்த்து எழுதிக் கொடுத்து, அந்த அலுவலரையே ஒருநாள் உங்கள் பகுதிக்கு வந்து முகாம் போடக் கேளுங்கள்.

பொருள் கொடுப்பதை நான் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பசிக்கும்போது ஆலோசனை யாருக்கும் காதில் ஏறாது. ஆனால் எதைக் கொடுப்பது என்பதை வாங்குபவர் முடிவு செய்யட்டும். அமெரிக்காவில் தானமாக வரும் உணவைச் சேர்த்து இல்லாதவர்களுக்குச் சேர்க்கும் உணவு வங்கிகளின் தேசியக் கூட்டமைப்பு ஒரு காலத்தில் தானம் வந்ததை வரிசைப்படி பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தது, உருளைக்கிழங்கு கொட்டிக் கிடக்கும் ஐடஹோ மாநிலத்துக்கே உருளைக்கிழங்கு போய்ச் சேரும். 2005-ல் முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு உணவு வங்கிக்கும் புள்ளிகள் கொடுத்து, தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். அத்தனை பெரிய அமைப்புக்கே தன் உறுப்பினர்களுக்கு என்ன தேவை என்று மேலே உட்கார்ந்து ஊகிக்க முடியவில்லை. உங்கள் அளவில் இது ரொம்ப எளிது, பையைக் கட்டி வைப்பதற்குப் பதில் பொருட்களை மேசையில் அடுக்கிவிட்டு இத்தனை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். வீணாவது குறையும், வருபவர் தலை நிமிர்ந்து நிற்பார்.

அப்புறம் புகைப்படம். பையை வாங்கும் கை, கொடுக்கும் கை, பின்னால் பதாகை, அந்தப் படத்தை நிறுத்துங்கள். நன்கொடையாளர் கேட்கிறார் என்பீர்கள், தெரியும், எங்களிடமும் கேட்டார்கள். ஒரு பத்தாம் வகுப்புப் பெண் பள்ளிப் பை வாங்கும் படம் வகுப்பு முழுக்கச் சுற்றி, அவள் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போகவே மறுத்துவிட்டாள். அன்றோடு நிறுத்தினோம். படத்துக்குப் பதில் மாதக் கணக்கையும் பெயர் இல்லாத ஒரு பக்கக் குறிப்பையும் அனுப்பினோம், ஒரு சிலர் விலகினார்கள், நின்றவர்கள் நீண்டகாலம் நின்றார்கள். அதேபோல ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் பேசவே கூடாது. ஒரே பகுதியில் இருப்பவர்களுக்கு இது கஷ்டம், தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனால் உங்களிடம் சொன்னது வெளியே போனது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் 40 வீட்டுக் கதவும் ஒரே நாளில் மூடிக்கொள்ளும். குறிப்பேடு பூட்டில் இருக்கட்டும், யார் பார்க்கலாம் என்பது முடிவாகட்டும்.

எல்லாவற்றையும் நீங்களே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. வீட்டில் அடி வாங்கும் பெண், செத்துவிடலாம் என்று பேசுபவர், தவறாக நடத்தப்படும் குழந்தை, இவை பயிற்சி உள்ளவர்களிடம் போக வேண்டியவை. நீங்கள் சமாதானம் பேசப் போனால் சில நேரம் ஆபத்து கூடிவிடும். அதற்காக முதலிலேயே ஒரு பட்டியல் தயாராக இருக்க வேண்டும், மருத்துவமனை, சட்ட உதவி, பெண்கள் காப்பகம், குழந்தைகள் உதவி எண், போதை மீட்பு, இப்படி. பட்டியல் என்றால் தொலைபேசி எண் மட்டும் இல்லை, ஒருமுறை நேரில் போய், அங்கே இருக்கும் ஆளைப் பார்த்து, யாரை எடுப்பார்கள், யாரைத் திருப்பி அனுப்புவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் போகவே மாட்டார்கள். உங்கள் முன்னாலேயே போன் போட்டு, இவர் நாளைக்கு வருகிறார் என்று சொல்லி, ஒரு வாரம் கழித்து என்ன ஆனது என்று விசாரிக்க வேண்டும். அந்த விசாரிப்பு இல்லையென்றால் அது அனுப்பிவைத்தது ஆகாது, கை கழுவியது ஆகும்.

அதற்காக, பயிற்சி இல்லாதவர்களால் எதுவும் முடியாது என்றும் பயந்துவிடாதீர்கள். 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் கூடியது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருந்தவர்கள் சாதாரணத் தன்னார்வலர்கள். அவர்களோடு பேசியதுமே பலருக்குப் பாரம் இறங்கிவிட்டதை அவர் கவனித்தார், அடுத்த வருடமே அந்த வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் உருவானது. சென்னையில் 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்திலும் அழைப்பை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். பொறுமையாகக் கேட்பது ஒரு வேலை, அதைக் கற்றுக்கொள்ள முடியும்.

கேரளத்தில் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அமைப்புக்கு மிக நெருக்கமான உதாரணம் அதுதான். 1993-ல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகியோர் சேர்ந்து வலி நிவாரணச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். கொஞ்ச காலத்தில் அவர்களுக்குத் தெரிந்தது, படுத்த படுக்கையாக இருப்பவர் மருத்துவமனைக்கு வர முடியாது, வலி அடங்கினாலும் அவரது வீட்டில் அடுத்த வேளைக்கு என்ன வழி, பிள்ளை படிப்பு என்ன ஆகும் என்ற கவலை அடங்காது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் மலப்புரம் பக்கம் அந்தந்தப் பகுதி மக்களே சேர்ந்து அக்கம்பக்கத்துப் பராமரிப்புக் குழுக்கள் அமைத்தார்கள். வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிந்தால் சேரலாம். 16 மணி நேர வகுப்பு, பிறகு நான்கு நாள் வீடு வீடாகக் கூடப் போய்க் கற்றுக்கொள்வது. பணத்தில் பெரும்பகுதி அந்தப் பகுதி மக்கள் போட்ட சின்னச் சின்னத் தொகைதான். 2008-ல் கேரள அரசு இதற்காகத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டு மணி நேரக் கணக்கு. எட்டுப் பேரும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஒரு வருடத்தில் மூன்று பேராகிவிடுவீர்கள். வாரம் இரண்டு மணி நேரம் மட்டும், ஆனால் சொன்ன நாளில் வந்தே தீர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 20 பேர் சேருவார்கள்.

தன்னார்வலர்கள் ஓய்ந்துபோவது பெரும்பாலும் வேலையால் இல்லை, எல்லை இல்லாததால். சொந்தப் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு ராத்திரி 11 மணிக்கு அழைப்பு எடுப்பது, மனசு கேட்காமல் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுப்பது, அது திரும்பி வராமல் அந்த வீட்டின் மேல் கோபம் கொள்வது, இதெல்லாம் நல்லவர்களுக்குத்தான் நடக்கிறது. அமைப்புக்கென்று தனி எண், தனிப்பட்ட கடன் கூடவே கூடாது என்ற விதி, வீட்டுக்குப் போனால் இரண்டு பேராகப் போவது, குழந்தையோடு யாரும் தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்வது, மாதம் ஒருமுறை நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்ப்பது. இவற்றை முதல் நாளிலேயே வைத்துவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பிறகு கொண்டுவந்தால் யார்மேலோ சந்தேகம் போலத் தோன்றும்.

கணக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு ரசீதும் கோப்பில். வரவையும் செலவையும் வாங்குபவர்களும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள், நன்கொடையாளருக்கு மட்டும் காட்டாதீர்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் மேல் யாராவது பழி சொன்னால் அந்தக் காகிதம்தான் பேசும். அதோடு எத்தனை பை கொடுத்தோம் என்று எண்ணுவதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த மாதம் எத்தனை வீட்டில் எடுத்த காரியம் முடிந்தது, எத்தனை நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று எழுதத் தொடங்குங்கள். நிற்கும் இடங்களைப் பார்த்தாலே அடுத்த மாத வேலை தெரிந்துவிடும். முடிந்தபிறகும் அந்தக் குடும்பம் வந்துகொண்டிருக்கலாம், வரட்டும். முதுமையும் நாள்பட்ட நோயும் முடிந்துபோகும் காரியங்கள் இல்லை, அந்த வீடுகளுக்குக் கடைசிவரை நீங்கள் வேண்டும்.

கடைசியாகச் சம்பளம். போடுங்கள், ஒரு ஆள் கண்டிப்பாக வேண்டும். அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரத்தில் நீங்கள் எட்டுப் பேரும் உங்கள் வேலையில் இருப்பீர்கள், அப்புறம் யார் கூடப் போவது? நன்கொடை முழுவதும் ஏழைக்கே போக வேண்டும், நிர்வாகச் செலவு கூடாது என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டுத் தகவல் தரும் மூன்று அமெரிக்க அமைப்புகள், கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ், 2013-ல் நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு அமைப்பை எடை போடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அந்த ஆளின் சம்பளம்தான் உங்கள் சேவையே என்று நன்கொடையாளரிடம் நேராகச் சொல்லுங்கள், அவர் எத்தனை முறை யாருடன் எங்கே போனார், என்ன முடிந்தது என்று பெயர் இல்லாமல் மாதாமாதம் காட்டுங்கள்.

யாரை எடுப்பது என்றால், பட்டம் பெற்றவரை வெளியிலிருந்து தேடுவதற்கு முன்னால் உங்கள் 40 குடும்பங்களுக்குள் பாருங்கள். தன் காரியத்துக்காகப் பல அலுவலகங்கள் ஏறி இறங்கி, எந்தச் சன்னலில் என்ன கேட்பார்கள் என்று மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார், அக்கம்பக்கத்தார் இப்போதே அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எழுதப் படிக்க ஓரளவு தெரிந்தால் போதும், கோப்பு வைப்பதை நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம். எடுக்கும்போது முறையாக எடுங்கள், நியமனக் கடிதம், ஒழுங்கான சம்பளம், போக்குவரத்துச் செலவு, வார விடுமுறை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். சேவைதானே என்று குறைத்துக் கொடுக்காதீர்கள். குறைந்தது ஆறு மாதச் சம்பளம் கையில் சேர்ந்தபிறகே அவரிடம் பேசுங்கள், இருக்கிற வேலையை விட்டுவிட்டு உங்களை நம்பி வருவார்.